உயிரணுவுக்குள் ஒரு துறைமுகம்

மட்டாஞ்சேரியின் பண்டகசாலைத் தெருக்களில் நுழைவோரை மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த மணம் முதலில் எதிர்கொள்ளும். ஆனால் அங்கே தொழில் புரிவோரின் கண் தேடுவது மூட்டையின்மேல் மையால் இட்டுள்ள குறியைத்தான். சரக்கு இன்னது, உரியவர் இன்னார், சேர வேண்டிய இடம் இன்னது என்பதை அக்குறி சொல்லும். குறி அழிந்த மூட்டை எத்துணை உயர்ந்த சரக்கைக் கொண்டிருப்பினும் போக்கிடம் அறியாது மூலையிலே கிடக்கும். தவறான குறி பெற்ற மூட்டையோ அதனினும் கேடு. அது வேண்டாத இடத்திற் போய் இடத்தை அடைக்கும்.

இதே இடர்ப்பாடு நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. உயிரணு என்பது ஒரே கூடம் அன்று. பல அறைகள் கொண்ட மாளிகை. அதன் வேலைகள் அனைத்தையும் செய்வன புரதங்கள். அமினோ அமிலம் எனப்படும் மணிகளைக் கோத்த சரம்தான் புரதம். பெரும்பாலான சரங்கள் மாளிகையின் நடுக்கூடத்தில் கோக்கப்படுகின்றன. வேலை செய்ய வேண்டிய இடமோ வேறு வேறு அறை. எந்தச் சரம் எந்த அறைக்கு உரியது, மூடிய சுவரைக் கடந்து அது உள்ளே செல்வது எவ்வாறு, சென்றபின் தக்க துணைகளோடு சேர்ந்து பொறியாக அமைவது எங்ஙனம் என்பனவே இன்று நாம் ஆராயப் புகுவன. எல்லா அறைகளையும் பற்றிப் பேசுதல் இயலாது. நமக்கு ஆற்றல் அளிக்கும் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதன் பெயர் மைட்டோகாண்டிரியம். 1898-இல் கார்ல் பெண்டா என்னும் ஜெர்மானிய அறிஞர் கிரேக்க மொழியிலிருந்து இரு சொற்களை எடுத்து இப்பெயரை அமைத்தார். ஒன்று இழை; மற்றொன்று மணி. தமிழில் இதனை இழைமணி என்று வழங்குவோரும் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொல் கிடைப்பது அரிது. மூலச் சொல்லுக்கு மூலச் சொல் நின்று, பொருளும் விளங்கி, நாவிற்கும் எளிதாக இருக்கிறது. ஆகவே இவ்வுரையில் இழைமணி என்றே கூறுவோம்.

நாம் உண்ணும் உணவின் சத்தை, நாம் மூச்சில் வாங்கும் உயிர்வளியைக் கொண்டு மெல்ல எரித்து, அவ்வாற்றலை ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருளாக மாற்றித் தருவது இழைமணியின் தலையாய தொழில். மூளை நினைப்பதற்கும், இதயம் துடிப்பதற்கும், தசை சுருங்குவதற்கும் செலவாகும் நாணயம் அந்த ஏ.டி.பி.யே. இழைமணிக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரண்டு சுவர்கள் உண்டு. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக அமைந்தது. ஆற்றல் ஆக்கும் பொறிகள் அம்மடிப்புகளிலே பதிந்துள்ளன.

இழைமணி இம்மாளிகையின் பழங்குடி அன்று. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியம் வேறோர் உயிரணுவினுள் புகுந்து, அங்கேயே தங்கி, அதன் உறுப்பாகிவிட்டது என்பது இன்று அறிஞர் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட கொள்கை. 1967-இல் லின் மார்குலிஸ் அம்மையார் இதனை விரிவாக எடுத்துரைத்தபோது நம்பியவர் சிலரே. பின்னர்க் கிடைத்த சான்றுகள் அவர் பக்கமே நின்றன. குடியேறிய அந்தப் பாக்டீரியம் தன் பழைய டி.என்.ஏ.யில் ஒரு சிறு துண்டை இன்னும் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. மனித இழைமணியின் டி.என்.ஏ. 16,569 எழுத்துக்கள் கொண்டது. 1981-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அதனை முழுதும் படித்து வெளியிட்டனர்.

இந்தச் சிறு துண்டு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆதலின் தாய்வழி மரபை அறிய அது நல்லதொரு சான்று. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தேவாலயத்தைப் பலர் கண்டிருப்பர். கொச்சி யூதரின் மரபைப் பற்றி ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலிய அறிஞர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களது மரபில் மேற்காசியக் கூறு சிறிதளவு காணப்படினும், தாய்வழி இழைமணி மரபு பெரும்பாலும் இந்நாட்டு மண்ணுக்கே உரியதாக இருந்தது. கடல் கடந்து வந்தவர் இங்கேயே பெண்கொண்டு குடியமர்ந்தனர் என்பதற்கு ஏடு தர இயலாத சான்றை அச்சிறு டி.என்.ஏ. தந்தது.

அத்துணைச் சிறப்புடைய அந்த டி.என்.ஏ., தன் வீட்டை நடத்துவதற்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். அதில் உள்ள மரபணுக்கள் 37. அவற்றுள் புரதம் தருவன 13 மட்டுமே. இழைமணி இயங்குவதற்கு வேண்டிய புரத வகைகளோ சுமார் 1,100. எஞ்சியவற்றிற்கான மரபணுக்கள் எல்லாம் நெடுங்காலத்திற்கு முன்பே உயிரணுவின் உட்கருவைச் சேர்ந்துவிட்டன. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட சரக்கை இழைமணி வெளியிலிருந்தே இறக்குமதி செய்தாக வேண்டும்.

இறக்குமதி எளிதன்று. உட்சவ்வு வெறும் சுவர் அன்று, மின்கலத்தைப் போன்றது. அதன் வெளிப்புறம் நேர்மின்னும் உட்புறம் எதிர்மின்னும் நிற்கின்றன. சவ்வின் தடிப்போ மில்லிமீட்டரை ஓர் இலட்சம் கூறு செய்தால் ஒரு கூற்றினும் குறைவு. இவ்வளவு மெல்லிய தடுப்பின் இருபுறமும் ஏறத்தாழ ஆறில் ஒரு வோல்ட் நிற்பதால், காற்றில் மின்பொறி பறப்பதற்கு வேண்டிய புலவலிமையைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு வலிமை அங்கே நிலவுகிறது. ஏ.டி.பி. ஆவது இம்மின்னழுத்தத்தைக் கொண்டே. ஆகவே நூற்றுக்கணக்கான மணிகள் கொண்ட புரதச் சரத்தை உள்ளே விட வேண்டும். அதே சமயம், அணுவினுள் மிகச் சிறியதான ஹைட்ரஜன் அயனியைக்கூடக் கசியவிடக் கூடாது. பெருங்கப்பலை உள்ளே விட்டு ஒரு துளி நீரைத் தடுக்கும் மதகை எந்தப் பொறியாளராலும் கட்ட முடியுமா? இப்புதிரே இத்துறையின் உயிர்நாடி என்று கருதுகிறோம்.

முதற்கேள்வி குறியைப் பற்றியது. புரதம் தான் செல்லும் இடத்தைத் தன் சரத்திலேயே எழுதிக்கொண்டு வருகிறது என்னும் கருத்தை நிலைநாட்டியவர் குந்தர் பிளோபல். 1999-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது உயிரணுவின் வேறோர் அறையை. இழைமணியைப் பொறுத்தமட்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காட்பிரீட் ஷாட்ஸும், ஜெர்மனியின் மியூனிக் நகரில் வால்ட்டர் நாய்பெர்ட்டும் தத்தம் மாணவர் குழுக்களுடன் பல ஆண்டுகள் உழைத்தனர். அவர்கள் கருவியாகக் கொண்டது ஈஸ்ட். கள் சேர்த்துப் புளிக்க வைத்த ஆப்ப மாவு கொச்சி வீடுகளில் பொங்கி எழுவது யாதோ அதனாலேதான். ஈஸ்ட்டின் இழைமணியும் நம்முடையதும் அமைப்பிலே நெருங்கிய உறவினர்.

1979-இல் ஷாட்ஸின் குழுவினர் ஓர் உண்மையைக் கண்டனர். இழைமணிக்குரிய சில புரதங்கள் வெளியே இருக்கும்போது சற்று நீளமாக இருக்கின்றன. உள்ளே சென்றதும் குட்டையாகின்றன. அதாவது சரத்தின் முனையில் ஒரு துண்டு கூடுதலாக வந்து, உள்ளே வெட்டி நீக்கப்படுகிறது. இலக்கணத்தில் முன்னொட்டு என்று கூறுகிறோமன்றோ, அத்தகையது இது. பெரும்பாலும் 15 முதல் 50 வரை அமினோ அமிலங்கள் கொண்டது. இதன் எழுத்துக்கள் புரதத்திற்குப் புரதம் மாறுபடுகின்றன. ஆயினும் இயல்பு மாறுவதில்லை. சுருளாக மடியும்போது ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எண்ணெயை விரும்பும் தன்மையும் அமைகின்றன. வாயில் காப்போன் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை; இந்த இருமுக வடிவத்தைத் தடவிப் பார்த்தே அறிகிறான்.

இதற்கு மட்டாஞ்சேரியிலேயே ஓர் ஒப்புமை உண்டு; அது துயரமான ஒப்புமை. கொச்சித் துறைமுகத்தில் முற்காலத்தில் சாப்பா என்னும் முறை நிலவியது. கப்பலில் வேலைக்கு ஆள் வேண்டும்போது, கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின்மீது உலோக வில்லைகளை வீசுவர். முண்டியடித்து அதனைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை, ஏனையோர்க்குப் பட்டினி. இதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். 2023-இல் வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றைக் கூறுவது. மனிதர்க்கு அது கொடுமை. மூலக்கூறுகளின் உலகிலோ அந்த வில்லையே ஒழுங்கு. வில்லை உள்ளவனுக்கு வாயில் திறக்கும். அவன் யார், எவ்வூரான் என்ற கேள்வி இல்லை.

அவ்வாறே கேள்வி இல்லை என்பதை 1984-இல் ஷாட்ஸின் குழுவினர் மெய்ப்பித்தனர். எலியின் உயிரணுவில் நடுக்கூடத்தில் மட்டுமே இருக்கும் ஒரு நொதியை எடுத்தனர். அதற்கும் இழைமணிக்கும் எத்தொடர்பும் இல்லை. அதன் முனையில் ஈஸ்ட்டின் இழைமணிப் புரதம் ஒன்றின் முன்னொட்டை இணைத்தனர். எலியின் புரதம் ஈஸ்ட்டின் இழைமணிக்குள் தங்குதடையின்றிப் புகுந்தது. வில்லையே அனுமதி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே எலிப் புரதம் இன்னும் ஒரு பாடம் கற்பித்தது. மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை நம்மில் பலர் அறிவர்; புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் வழங்கப்படுவது. அம்மருந்து மேற்கூறிய நொதியை இறுகப் பற்றி, அதன் மடிந்த வடிவம் குலையாதபடி பூட்டிவிடும். 1986-இல் மார்ட்டின் ஐலர்ஸும் ஷாட்ஸும் அம்மருந்தைச் சேர்த்துப் பார்த்தனர். முன்னொட்டு இருந்தும் புரதம் உள்ளே செல்லவில்லை. உருண்டையாகச் சுருட்டிய நூல் ஊசிக்காதில் நுழையாது. பிரித்து முனையை நீட்டினால்தான் நுழையும். இழைமணியின் வாயிலும் அத்தகையதே. மடிந்த புரதத்திற்கு அங்கே வழி இல்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். இவ்வுரையின் இறுதியில் ஒரு நோயை விளக்க இதுவே உதவும்.

ஆதலால் நடுக்கூடத்தில் பிறந்த சரம் வழியில் மடிந்துவிடாதபடி வேறு சில புரதங்கள் உடன் செல்கின்றன. ஆங்கிலத்தில் இளம்பெண்ணுக்குத் துணையாகச் செல்லும் மூதாட்டியைக் குறிக்கும் சொல்லால் இவற்றை அழைக்கின்றனர். நம் அகப்பாடல்களில் வரும் செவிலியைத் தவிர வேறு யார் இவ்விடத்திற்குப் பொருந்துவர்? செவிலிப் புரதம் என்போம்.

வெளிச்சவ்வின் வாயிலுக்கு டாம் என்று பெயர். டாம்-20, டாம்-22, டாம்-70 என்பன வாயிற்காப்போர். டாம்-40 என்பது வழி. டாம்-40, பீப்பாய் வடிவில் வளைந்த 19 பட்டைகளால் ஆனது. அதன் துளை மில்லிமீட்டரில் 5 இலட்சத்தில் ஒரு பங்கு அளவினது. 2019-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இவ்வமைப்பு தெளிவாகக் காணப்பட்டது.

அடுத்த வாயில் டிம்-23. நாம் முன்பு சொன்ன புதிர் நிற்கும் இடம் இதுவே. இங்கே மின்னழுத்தம் தடையாக நில்லாமல் துணையாகிறது. முன்னொட்டு நேர்மின் உடையது. உட்புறம் எதிர்மின் உடையது. ஆகவே முனை தானே உள்ளே ஈர்க்கப்படுகிறது. வாயிலின் உறுப்புக்கள் சரத்தை நெருங்கி அணைத்து நிற்பதால் கசிவும் நேர்வதில்லை. டிம்-23 என்னும் புரதமே வழி என்று நெடுநாள் கற்பித்து வந்தனர். 2023-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் அதனை மாற்றின. சரம் செல்வது டிம்-17 என்னும் அண்டைப் புரதத்தின் ஓரமாக. பாடநூல்கள் இதனால் திருத்தம் பெற வேண்டியவை ஆயின; வாயிலின் பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

மின்னழுத்தம் முனையை மட்டும் இழுக்கும். எஞ்சிய நெடுஞ்சரத்தை இழுப்பது வேறு. உட்புறத்தில் ஹெச்.எஸ்.பி.-70 என்னும் செவிலிப் புரதம் காத்திருக்கிறது. ஏ.டி.பி.யைச் செலவிட்டுச் சரத்தைப் பற்றும். சற்று உள்ளே வந்ததும் மற்றொன்று அடுத்த இடத்தைப் பற்றும். கிணற்றிலிருந்து நீர் சேந்துபவர் ஒரு கை மாற்றி ஒரு கையாகக் கயிற்றைப் பிடிப்பதை எண்ணிக்கொள்க. ஆனால் அது உண்மையாகவே இழுக்கிறதா, அன்றி, தானாக அசையும் சரம் பின்வாங்காதபடி பிடித்துக்கொள்வது மட்டுமா என்பதில் அறிஞரிடையே பல்லாண்டு விவாதம் நடந்தது. இரண்டும் கலந்ததே என்னும் விளக்கமும் உண்டு.

அந்தக் கைகள் தக்க தருணத்தில் பற்றுவதற்கு ஏவல் வேண்டும். ஏவுவது பாம்-18 என்னும் சிறு புரதம். 2003-இல் இதனைக் கண்டறிந்த குழுக்களுள் ஒன்றில் பாட்ரிக் டி சில்வா என்னும் இந்திய விஞ்ஞானி இருந்தார். அப்போது அமெரிக்காவின் விஸ்கான்சினில் எலிசபெத் கிரெய்க் அம்மையாரின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்தவர். பின்னர்ப் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் தம் குழுவை அமைத்து, மனித உயிரணுவில் இவ்வாயில் ஒரே அமைப்பாக இல்லாமல் வேறுபட்ட அமைப்புகளாக இயங்குவதை 2014-இல் அக்குழுவினர் எடுத்துக்காட்டினர். ஈஸ்ட்டின் இந்தச் சிறு ஏவலாளன் மனிதர்க்கு எவ்வளவு வேண்டியவன் என்பதற்குச் சான்று 2006-இல் கிடைத்தது. கனடா நாட்டில் தம்முள்ளேயே மணம் செய்துகொண்டு வாழும் ஹட்டரைட் என்னும் கிறிஸ்தவச் சமூகத்தில், சில குழந்தைகளுக்கு இளமையிலேயே இதயத் தசை தளர்ந்து விரிந்தது, நடை தள்ளாடியது. அவர்களிடம் பழுதுற்றிருந்தது பாம்-18 புரதத்தின் மனித உறவான டி.என்.ஏ.ஜே.சி.-19 என்பதன் மரபணு. இதயம் ஓய்வறியாத் தசை. ஆற்றல் குறையின் முதலில் நலிவது அதுவே.

உள்ளே வந்த சரத்தின் முன்னொட்டை ஒரு நொதி வெட்டி நீக்குகிறது. வில்லையின் வேலை முடிந்தது. இனிச் சரம் தன் உரிய வடிவில் மடிய வேண்டும். புரதம் தானே மடிந்துகொள்ளும் என்று முன்னர் எண்ணியிருந்தனர். 1989-இல் ஆர்தர் ஹார்விச்சும் பிரான்ஸ் உல்ரிக் ஹார்ட்லும் தம் குழுவினரோடு வேறு கண்டனர். ஈஸ்ட்டில் ஹெச்.எஸ்.பி.-60 என்னும் புரதம் பழுதானால், சரங்கள் உள்ளே வருகின்றன, வெட்டவும் படுகின்றன. ஆனால் வடிவம் பெறாமல் சிக்கிக் கிடக்கின்றன. ஹெச்.எஸ்.பி.-60 ஒரு பேழை போன்றது. சரத்தைத் தன்னுள் வாங்கி, மூடி, பிறவற்றோடு சிக்காமல் தனிமையில் மடிய விடுகிறது.

இதுவரை கூறியது வில்லையோடு வரும் புரதங்களைப் பற்றி. வில்லை இல்லாதனவும் பல. ஃபோர்ட் கொச்சியில் தோபிகானா என்னும் சலவைக்கூடம் ஒன்று உண்டு. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய வண்ணார் குடும்பங்கள் அங்கே தொழில் நடத்துகின்றன. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிடுவது நம் நாட்டுச் சலவைத் தொழிலின் பழைய வழக்கம். எத்தனை முறை வெளுத்தாலும் அக்குறி போகாது. துணி உள்ளவரை உடன் இருக்கும். இழைமணிப் புரதங்களிலும் ஒரு பகுதி இவ்வாறே சரத்தின் நடுவிலே அழியாக் குறியைத் தாங்கி வருகின்றன. அதனை வெட்டுவதில்லை.

உட்சவ்வில் பதிந்து ஏ.டி.பி.யை வெளியே அனுப்பும் கடத்திப் புரதம் இவ்வகையது. இது எண்ணெயை விரும்பும் தன்மையது. இரு சவ்வுகளுக்கும் இடையே உள்ள நீர்ப்பகுதியில் தனித்து விட்டால் திரண்டு கெட்டுவிடும். அந்த இடைவெளியைக் கடத்திவிட டிம்-9, டிம்-10 எனச் சிறு புரதங்கள் மும்மூன்றாகக் கூடி வளையமாகி, அதனைத் தாங்கிச் சென்று டிம்-22 என்னும் வேறு வாயிலில் ஒப்படைக்கின்றன. டிம்-8, டிம்-13 என்பன இவற்றின் உடன்பிறப்புக்கள் போன்றவை. நார்வே நாட்டில் ஒரு குடும்பத்து ஆண்மக்கள் குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலன் இழப்பதை 1960-இல் மருத்துவர் பதிவு செய்தனர். வளர வளரத் தசைகள் முறுக்கிக்கொள்ளும். பின்னர்ப் பார்வையும் குன்றும். 1996-இல் அதற்குரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் அதன் வேலை விளங்கவில்லை. 1999-இல் கார்லா கேலர் அம்மையாரும் ஷாட்ஸும் அது ஈஸ்ட்டின் டிம்-8 புரதத்தின் மனித உறவு என்று காட்டினர். ஒரு சுமைதாங்கியின் குறையால் ஒரு குடும்பம் செவிடாயிற்று என்பதை ஆப்ப மாவின் ஈஸ்ட் விளக்கியது.

வேறு வழிகளும் உள. வெளிச்சவ்விற் பதியும் பீப்பாய்ப் புரதங்களைச் சாம் என்னும் அமைப்பு பதிக்கிறது. பாக்டீரியங்களிலும் இதே அமைப்பின் உறவு இன்றளவும் உண்டு என்பது பழைய குடியேற்றத்தின் சுவடு. இடைவெளியிலேயே தங்கும் சிறு புரதங்களை மியா-40 என்பது கந்தகப் பிணைப்பால் முடிச்சிட்டு அங்கேயே நிறுத்துகிறது. இவற்றைக் கூறி மேலே செல்கிறோம்.

இறக்குமதி முடிந்தால் வேலை முடிந்ததா? இல்லை; கோப்பு வேலை இனித்தான். ஆற்றல் ஆக்கும் பெரும்பொறிகள் தனிப் புரதங்கள் அல்ல. முதற்பொறியில் மட்டும் 45 உறுப்புக்கள். அவற்றுள் 7 இழைமணியின் சொந்த டி.என்.ஏ.யிலிருந்து வருவன, 38 இறக்குமதி. நாம் மூச்சில் வாங்கும் உயிர்வளியை இறுதியாகப் பயன்படுத்தும் நான்காம் பொறியின் நடுவுறுப்புக்கள் 3 சொந்தம். சூழ்ந்து நிற்பன இறக்குமதி. சொந்த உறுப்புக்களை உட்புறத்திலிருந்து சவ்வில் பதிப்பதற்கு ஆக்சா என்னும் தனி அமைப்பு உண்டு. தேரின் அச்சை ஓர் ஊரிலும் சக்கரத்தை வேறோர் ஊரிலும் செய்து, இருட்டில் பூட்டுவது போன்ற செயல் இது. அளவு பிசகினாலும், ஒன்று முந்தி ஒன்று பிந்தினாலும் பூட்டு அமையாது. ஆதலின் பொறியில் இறுதியில் இடம்பெறாத பல துணைப் புரதங்கள், சாரம் கட்டும் கொத்தனாரைப் போல், கோப்பு முடியும்வரை நின்று விலகுகின்றன. அவற்றுள் ஒன்று சர்ஃப்-1. நான்காம் பொறியைக் கோக்க உதவுவது. இதன் மரபணு பழுதுறின் குழந்தைகளுக்கு லீ நோய் என்னும் கொடிய மூளைநோய் வரும் என்று 1998-இல் தெரியவந்தது. உறுப்புக்கள் யாவும் நலமாக இருந்தும் பொறி இல்லை. சாரம் கட்டுவோன் இல்லாத குறைதான்.

வாயிலே உடல்நலத்தின் அளவுகோலாகவும் பயன்படுகிறது என்பது அண்மைக் காலத்து அறிவு. பிங்க்-1 என்னும் புரதம் இழைமணிக்கு முன்னொட்டோடு வருகிறது. நலமான இழைமணி அதனை உள்ளே இழுத்து வெட்டி அழித்துவிடும். நலிந்த இழைமணியில் மின்னழுத்தம் குறையும், இழுப்பு நிற்கும், பிங்க்-1 வாயிலிலேயே தேங்கும். அத்தேக்கம் பார்க்கின் என்னும் மற்றொரு புரதத்தை அழைக்க, அந்த இழைமணி முழுவதும் கழித்துக்கட்டப்படுகிறது. 2008 முதல் 2010 வரை ரிச்சர்ட் யூலின் குழுவினர் இதனை விளக்கினர். இவ்விரு மரபணுக்களில் ஒன்று பழுதானோர்க்கு இளம் வயதிலேயே பார்க்கின்சன் நடுக்கநோய் வருகிறது.

இறுதியாக, தவறான குறி பெற்ற மூட்டையின் கதை. கல்லீரலில் ஏ.ஜி.டி. என்னும் நொதி உண்டு. அது வேலை செய்ய வேண்டிய இடம் இழைமணி அன்று. பெராக்சிசோம் என்னும் வேறோர் அறை. பெராக்சிசோமின் வாயில் இழைமணியின் வாயிலுக்கு நேர்மாறானது; மடிந்து முடிந்த புரதத்தையும் அது ஏற்கும். இந்நொதியின் 11-ஆம் மணி மாறினால் சரத்தின் முனை இழைமணியின் முன்னொட்டைப் போன்ற சாயல் பெறுகிறது. ஐரோப்பியரிடையே இம்மரபணுப் பிரதிகளில் ஐந்தில் ஒன்று இவ்வாறு மாறியது. அதனால் மட்டும் நோய் வருவதில்லை. ஏனெனில் புரதம் விரைந்து மடிந்துகொள்கிறது. மடிந்ததற்கு இழைமணியில் வழி இல்லை. மெத்தோட்ரெக்சேட் சோதனை காட்டிய பாடம் இதுவே அன்றோ? ஆனால் கூடவே 170-ஆம் மணியும் மாறுமாயின் மடிவது தாமதமாகிறது. மடியாத சரம், போலி வில்லையோடு இழைமணிக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. நொதி நல்ல நொதியே. வேலை தெரிந்த நொதியே. இடம்தான் தவறு. பெராக்சிசோமில் அது இல்லாமையால் உடலில் ஆக்சலேட் பெருகி, குழந்தைப் பருவத்திலேயே சிறுநீரகத்தில் கற்கள் அடையத் தொடங்குகின்றன. பலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கிறது. கிறிஸ்டோபர் டான்ப்யூர் என்னும் ஆங்கில அறிஞரும் அவர் துணைவர்களும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை வெளிப்படுத்தினர்.

நெடுங்காலம் கல்லீரலை மாற்றி அமைப்பதே இதற்கு முழுத்தீர்வாக இருந்தது. 2020-இல் லூமாசிரான் என்னும் ஊசிமருந்து ஒப்புதல் பெற்றது. அது ஆக்சலேட் உண்டாவதற்கு முந்திய படியையே அடக்குவது. தொண்டைக் கரகரப்புக்குச் சப்பும் சிலவகை மாத்திரைகளில் உள்ள டீக்வாலினியம் குளோரைடு, ஆய்வுக்கூட உயிரணுக்களில் இந்நொதியை இழைமணிக்குப் போகாமல் தடுத்து உரிய அறைக்குத் திருப்புவதாக 2014-இல் கேலர் அம்மையாரின் குழு கண்டது. இவற்றினும் எளிய பொருள் ஒன்று மருத்துவர் கையில் முன்பே இருந்தது: வைட்டமின் பி-6. 170-ஆம் மணி மாறியவர்களுள் பலருக்கு இவ்வைட்டமினை உயர்ந்த அளவில் கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. காரணம் 2013-இல் விளங்கியது. அவ்வைட்டமின் நொதியோடு பொருந்தி அதன் வடிவை உறுதியாக்குகிறது. ஆகவே நொதி பெராக்சிசோமை நாடிச் செல்கிறது. இது மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே கொள்ளத்தக்க அளவு என்பதையும், சாதாரணச் சிறுநீரகக் கற்களுக்கு இது மருந்தன்று என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பிள்ளைப் பருவத்திலேயே கல் அடைப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், இந்நோய் உண்டா என்று மரபணுச் சோதனை செய்து அறிய இன்று வழி உண்டு.